சோடியத்தின் பதினோராவது கொட்டை

ஓர் எலக்ட்ரானின் விலை இரண்டு ரூபாய்.

ஜஸ்டஸ் வாத்தியார் காலைப் பிரார்த்தனையில் அப்படித்தான் அறிவித்தார். "கண்டுபிடிச்சித் தாரவனுக்கு ரெண்டு ரூவா. திருடினவனே தந்தாலும் ரெண்டு ரூவா!"

1974இல், சேரம்பாடிக்குப் பக்கத்து எஸ்டேட் பள்ளியில், அது பெரிய தொகை. ஆனால் மறுநாள் பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். அறிவியல் கண்காட்சி அவருக்குப் பிடித்தால் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பு கிடைக்கும். பிடிக்காவிட்டால் எட்டாவது முடித்த பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

மூங்கில் வளையங்களில் நீல மை பூசிய தேயிலைக் கொட்டைகளை ஒட்டி, வாத்தியார் இரண்டு அணுக்கள் செய்திருந்தார். மேசையின் இந்தக் கோடியில் சோடியம், அந்தக் கோடியில் குளோரின். மேலே அட்டையில் பெரிதாக 'உப்பு'. அன்று காலை வந்து பார்த்தால் சோடியத்தின் கடைசிக் கொட்டையைக் காணோம்.

"ஏனுங்க ஜஸ்டஸ், ஒத்தைக் கொட்டைக்கா இத்தனை கூப்பாடு?" என்றார் தலைமையாசிரியர் கருப்புசாமி.

"சார், உள் வளையத்துல ரெண்டு பேருக்குத்தான் இடம். அடுத்ததுல எட்டு. மிச்சம் ஒருத்தன் வெளி வளையத்துல தனியா நிக்கணும். அவன் இல்லைன்னா அது சோடியமே இல்ல."

"அந்தப் பக்கம்?"

"அது குளோரின். வெளி வளையத்துல ஏழு பேரு. எட்டாவது இடம் காலி."

ஒன்றைத் தள்ளிவிட்டால் போதும் என்று ஒருவன். ஒன்று கிடைத்தால் போதும் என்று ஒருவன். கடைத்தெருவில் இப்படி இருவர் எதிரெதிரே நின்றால் ஒரு டீ ஆறுவதற்குள் வியாபாரம் முடிந்திருக்கும். வாத்தியாரோ இருவருக்கும் நடுவில் ஆறடி மேசையைப் போட்டிருந்தார்.

சிலோனிலிருந்து வந்து இரண்டு வருடமாகப் பள்ளியைப் பெருக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மா, விளக்குமாற்றை நிறுத்தினாள். "சேர், மேல உப்புன்னு எழுதியிருக்கே..."

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. நீ தூசியைப் பாரும்மா. இது எலக்ட்ரான் சமாச்சாரம்."

பேச்சியம்மா தூசியைப் பார்த்தாள்.

பத்து மணிக்குள் நாற்பத்து மூன்று எலக்ட்ரான்கள் வந்து சேர்ந்தன. எல்லாம் நீலம். கொண்டுவந்த கைகளும் நீலம். விலை சொன்னால் சரக்கு வந்து குவியும் என்பது வாத்தியாருக்குத் தெரியாது.

"ஏலே, இதுல எது அசலு?"

நாற்பத்து மூன்று பேரும் சாமி மேல் சத்தியம் செய்தார்கள்.

"ஏனுங்க, என்ற மைப்புட்டி காலிங்க! ரிஜிஸ்டர்ல எதைத் தொட்டுக் கையெழுத்துப் போடறது?" என்று கருப்புசாமி கத்தினார்.

வந்ததில் ஒன்றை எடுத்து மெழுகால் ஒட்டினார் வாத்தியார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் மெழுகு இருந்தது, கொட்டை இல்லை. அடுத்ததை வெல்லப் பாகில் ஒட்டினார். நான்கு மணிக்கு வெளி வளையத்தில் எறும்புகள்தாம் சுற்றிக்கொண்டிருந்தன. எண்ண முடியாத எலக்ட்ரான்கள்.

"எறும்பு இழுத்துட்டுப் போயிருக்குமுங்க."

"அப்ப கம்பி சார், கம்பி!"

செப்புக் கம்பியால் நான்காவது கொட்டையை ஏழு சுற்றுச் சுற்றி முறுக்கினார். காலையில் வந்து பார்த்தால் கொட்டையைக் காணோம். கம்பி மட்டும் அழகாகச் சுருட்டி மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது.

"இது எறும்பு இல்லீங்க" என்றார் கருப்புசாமி.

உபரிக் கொட்டைகளைத் தேடினார்கள். எல்லாவற்றையும் பிள்ளைகள் கோலி விளையாடித் தொலைத்திருந்தார்கள். வெளியே ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் குனிந்து, விரல் நீட்டி எண்ணினார். "ரெண்டு. எட்டு. வெளி வளையம் காலி."

வாத்தியார் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கோடிக்கு நடந்தார். "ரெண்டு. எட்டு. எட்டு." நிமிர்ந்து அட்டையைப் பார்த்தார். "பலே! போற பள்ளியில எல்லாம் பதினொண்ணையும் பதினேழையும் தனித்தனியா நிறுத்திட்டு உப்புன்னு எழுதிடறாங்க. இவன் கொடுத்து அவன் வாங்கினாத்தானே ஐயா உப்பு! உங்களுக்கு ஒன்பதாம் வகுப்பு உண்டு, எழுதிடறேன்."

வாத்தியார் கண் திறந்தார். குளோரினை அவர் மறுபடி எண்ணவே இல்லை. களவு போகாத பக்கத்தை யார் எண்ணுவார்கள்?

"எங்க பள்ளிக்கூடத்து யோசனைங்க!" என்று கருப்புசாமி நெஞ்சை நிமிர்த்தினார்.

"அது சரி, யாரோட யோசனை?"

பேச்சியம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, வகுப்புக்குள் நுழையும் தோரணையில் வந்து நின்றாள். மடியை அவிழ்த்து நீலக் கொட்டைகளை மேசைமேல் வைத்தாள்.

"சிலோன்ல, அட்டன்ல பதினோரு வருசம் விஞ்ஞானம் படிச்சிக் குடுத்தவ நான், சேர். இங்க வந்து எறங்கின காம்புல அடையாளக் கார்டு எழுதினவருதான் எல்லாருக்கும் போல எனக்கும் கூலியாள்னு எழுதிட்டாரு. சோடியத்துல பத்து, குளோரின்ல பதினெட்டு, ஜஸ்டஸ் சேருக்குத் திருப்பித் தாறது மூணு. கார்டுல திருத்த வேண்டியது மட்டும் ஒண்ணு பாக்கி."