ஆட்டத்துக்கு முதுகு காட்டும் சரித்திரக்காரர்

கால்பந்து மைதானத்துக்குப் போகிறவர்களில் ஆட்டம் பார்க்காத இனம் ஒன்று உண்டு. அவர்களும் டிக்கெட் வாங்குவார்கள், குளிரில் வரிசையில் நடுங்குவார்கள், கழுத்தில் கிளப்பின் பழுப்புக் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். நடுவர் விசில் ஊதியதும் பந்துக்கு முதுகைக் காட்டி உங்கள் பக்கம் திரும்பிவிடுவார்கள். ஏன் என்கிறீர்களா? மைதானத்தில் நடப்பது வெறும் ஆட்டம். அவர்கள் வாயிலிருந்து வருவதோ சரித்திரம்.

பிரான்ஸில் ஒரு சின்ன ஆலை ஊர் எங்கள் எத்ராமோன். அதன் ராசிங் கிளப்பில் இந்த இனத்தின் தலைமகன் எவ்ரார் தெல்வாய். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் யாருக்கும் எந்த இழப்பீடும் எளிதில் கிடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். கோல் கம்பத்துக்குப் பின்னால், உருளைக்கிழங்கு வறுவலும் மெர்கேஸ் என்கிற காரக் கறித்துண்டு வைத்த ரொட்டியும் விற்கிற வண்டிக்குப் பக்கத்தில், இரும்புக் கம்பியில் சாய்ந்து நிற்பார். அந்த இடம் அவருக்கு யாரும் கொடுத்ததல்ல. ஆனால் நீங்கள் போய் நின்று பாருங்கள், தெரியும்.

கிளப்பைத் தொடங்கியது பங்குச் சாமியாரா, நூல் ஆலைத் தொழிலாளர்களா என்பதில் தொடங்கி, சட்டைக்குப் பழுப்பு நிறம் வந்தது ஆலையில் மிஞ்சிய துணியாலா, சாமியாரின் பழைய அங்கியாலா என்று கிளைபிரிந்து, கிளப் திவாலாகி ஐந்தாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டு ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஆடிய வருஷங்களில் புரண்டு, எப்படியும் கடைசியில் அந்தக் கோப்பை ஆட்டத்தில் வந்து நிற்கும் அவர் பேச்சு. இதற்குள் இரண்டு கோல் விழுந்திருக்கும். உங்களுக்குத் தெரியும். அவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் அக்கறையில்லை.

அந்தக் கோப்பை ஆட்டம் எங்கள் ஊரின் வேதம். தலைநகரிலிருந்து வந்த பெரிய அணியை மூடுபனிக்குள் எங்கள் பையன்கள் ஒரே கோலில் தோற்கடித்த நாள். ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பனி அடர்ந்துகொண்டே போகிறது. முதலில் எதிர்க் கோல் கம்பம் மங்கலாகத் தெரிந்தது என்றார். பிறகு நடுக்கோடு தெரியவில்லை என்றார். இப்போதெல்லாம் தன் கையே தனக்குத் தெரியவில்லை என்கிறார். கோல் மட்டும் அங்குலம் அங்குலமாகத் தெரிந்ததாம். எப்படி என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் நீங்கள் வெளியூர்க்காரர் ஆகிவிடுவீர்கள்.

புதியவர்களைப் பிடித்து விசாரிப்பது இவருடைய இன்னொரு கைங்கரியம். சோலேன் என்று ஒரு பெண். முரசடித்துப் பாடுகிற ரசிகர் கூட்டத்துக்குத் தலைவி. ஒலிபெருக்கியும் கையுமாக மேடையில் நின்று தொண்டை கிழியப் பாட்டெடுத்துக் கொடுப்பாள். அவள் முதல்முதல் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோதே தெல்வாய் ஆரம்பித்துவிட்டார்.

"நாம அஞ்சாம் டிவிஷன்ல கெடந்தோமே, அப்ப நீ எங்கம்மா இருந்தே?"

"அப்ப நான் பொறக்கவே இல்லையே, பெரியவரே."

"அதெல்லாம் ஒரு சாக்காம்மா?"

இவரைச் சகித்துக்கொண்டுதான் இருந்தேன், போன மே மாதம் வரை. பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் இரண்டாம் டிவிஷனில் பிழைத்துக் கிடப்போம். சமன் செய்தால்கூட மூன்றாவதில் விழுவோம். விழுந்தால் தொழில்முறை அந்தஸ்து போகும், பயிற்சிப் பள்ளியை மூடுவார்கள், ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் போவார்கள். மறுபடியும் ஆட்டுப்பட்டிதான். வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. சிரிக்காதீர்கள், ஊரில் பாதிப் பேருக்கு இல்லை. நாங்கள் பிழைக்கிற அந்த ஒரு கோலை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. தாமதமாகப் போனதில் எனக்குக் கிடைத்த இடமோ தெல்வாயின் பக்கத்தில்.

ஆட்டம் முடியப் போகிறது, இன்னும் கோல் இல்லை. எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தெல்வாய் மூச்சைப் பிடிக்கிற ஆளா? என் கோட்டுக் கையைப் பிடித்தார்.

"இதே மாதிரி ஒரு கார்னர்தான் தம்பி அன்னிக்கும். அதோ அந்தத் தூண் தெரியுதா? அதுக்குக் கீழதான் நின்னேன்."

சொன்னதோடு விட்டாரா? என் தோளைப் பற்றித் தூண் பக்கம் திருப்பினார். மரியாதைக்காக ஒரு கணம் பார்த்தேன். அந்தக் கணத்தில் பின்னால் இடி இடித்தது.

எத்ராமோனுக்கு உயிர் திரும்பியபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சிமெண்டுத் தூணை. அதன்மேல் ஒரு புறா. இதற்காக நான் அவரை மன்னிக்கப் போவதில்லை.

சோலேனும் பார்க்கவில்லை. பாட்டெடுத்துக் கொடுப்பவர்கள் ஆட்டம் முழுக்கக் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்பார்கள். அது அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலை. அவள் குனிந்து, "யாருப்பா போட்டது?" என்று கேட்டாள். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, உள்ளே போய்விட்டது என்று மட்டும் சொன்னார்கள். அது போதும் அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டை எடுத்தாள்.

தெல்வாயும் கேட்கத்தான் வாயைத் திறந்தார். நான் பார்த்தேன், திறந்தார். ஆனால் கேட்டால் சரித்திரக்காரர் என்ன ஆவது? வாயை மூடி, தாடையைத் தடவி, "லொயிக்தான். எடது கால். நான் அப்பவே நெனச்சேன்," என்றார். லொயிக் எங்கள் கேப்டன்.

ஆட்டம் முடிந்ததும் எதிரில் இருக்கும் ஓதிலின் மதுக்கடையில் ஊரே நெரிந்தது. ஓதில் இருபது வருஷமாகத் தெல்வாய்க்குப் பியர் ஊற்றி வருபவள். அவர் கதைகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். தெல்வாய் கூட்டத்தின் நடுவில் நின்று, கையில் கோப்பையோடு, கோலை விவரிக்கத் தொடங்கினார். பந்து காற்றில் வளைந்ததாம். லொயிக் மூன்று பேருக்கு மேலே எழும்பினாராம். இடது காலை அப்படியே கத்தி மாதிரி வீசினாராம். கோல் காப்பவர் நின்ற இடத்தில் சிலையாகிவிட்டாராம்.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் பெரிய டிவி. அதில் அதே கோலைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கார்னரிலிருந்து வந்த பந்து, எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் முழங்காலில் பட்டு, அவருடைய கோலுக்குள்ளேயே உருண்டு போனது. எங்கள் லொயிக் அப்போது சற்றுத் தள்ளி மண்ணில் குப்புறக் கிடந்தார்.

கடை முழுக்க மெல்ல அமைதியானது. அது தன் பேச்சின் மகிமை என்று தெல்வாய் நினைத்துக்கொண்டார்.

"எவ்ரார் அண்ணே, கொஞ்சம் திரும்பித்தான் பாருங்களேன்," என்றாள் ஓதில், கண்ணாடிக் கோப்பையைத் துடைத்தபடி.

அவர் திரும்பவில்லை.

"டிவிக்கு என்னம்மா தெரியும்? நான் அங்க இருந்தவன்."

மனிதர் அன்றோடு அவமானப்பட்டு ஒழிந்தார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. முழங்காலால் பிழைத்தோம் என்று சொல்லிக்கொள்ள யாருக்குப் பிடிக்கும்? ஒரு வாரத்தில் ஊர் வாயெல்லாம் இடது கால். ரொட்டிக் கடையில் இடது கால், முடிதிருத்துபவரிடம் இடது கால். கோடையில் மைதானத்தின் வெளிச்சுவரில் லொயிக்கின் இடது காலை ஆள் உயரத்துக்குப் படமாக எழுதிவிட்டார்கள். லொயிக் முதலில், "நான் பந்தத் தொடவே இல்லைங்க," என்று மன்றாடினார். என்ன அடக்கம் பாருங்கள் என்று அதற்கும் கை தட்டினார்கள். இலையுதிர் காலம் வந்தபோது அவரே பேட்டிகளில் அந்தக் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்தைத் தன் கோலுக்குள் தள்ளிய அந்த அப்பாவிக்குக் கெட்ட பெயர்கூட மிஞ்சவில்லை.

மூடுபனிக் கோப்பை ஆட்டத்தைப் பற்றி இப்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அன்றைக்கு அது யார் முழங்கால்?

போன வாரம் ரூவானிலிருந்து வந்த என் மைத்துனர், "அந்த கோலை நேர்லயா பாத்தே?" என்று கேட்டார். "பாக்காம?" என்றேன். அடுத்து அவர் எந்தக் கால் என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் எங்கள் குடும்ப விஷயம், உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் ஏன் நெளிகிறீர்கள்? உங்களுக்கு ஒரு அணி இருக்கிறது. அணி இல்லாவிட்டால் கட்சி, கட்சி இல்லாவிட்டால் பழைய ஆபீஸ். இதைப் படிக்கும்போதே பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து, எங்க காலத்துல ஒண்ணு நடந்துச்சு தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டீர்கள் அல்லவா? நன்றாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் மறக்காமல் கேளுங்கள், இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் யார் கோல் போட்டது என்று.