கைமணி மாஸ்டரின் உதைபந்தாட்டம்

உலகத்தில் உள்ள உதைபந்தாட்டப் பயிற்றுநர்கள் எல்லோரும் விசிலை நம்பிப் பிழைப்பவர்கள். சாமியறைக் கைமணியை நம்பிப் பிழைத்தவர் எங்கள் கைமணி மாஸ்டர் ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அதைக் கேட்கும் துணிவு எங்கள் கல்லூரியில் ஒருவருக்கும் வரவில்லை.

அவர் வந்து சேர்ந்தது மிகக் கேவலமான ஒரு வருடக் கடைசியில். பக்கத்து ஊர்க் கல்லூரியிடம் நாங்கள் ஒன்பது கோல் வாங்கியிருந்தோம். ஒன்பதாவதை அடித்தவன் எங்கள் பொடியன்தான். அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் கல்லூரி அதிபர் மேடையேறினார்.

“வாற வருசமும் முதல் மட்ச் அவங்களோடைதான். அதிலை தோத்தியள் எண்டால் உதைபந்து அதோடை சரி. மைதானத்திலை கிரிக்கெட் பிட்ச் போட ஆக்கள் ரெடியா நிக்கினம்.”

வரப்போவது என்னுடைய கடைசி வருடம். உதைபந்தைத் தவிர வேறு ஒன்றிலும் ஒருவரும் என்னைப் பாராட்டியதில்லை. அதுவும் போனால் நான் கல்லூரிக்கு எதற்குப் போவது?

புதிய பயிற்றுநர் கொழும்புத்துறையில் இருந்து ஸ்கூட்டரில் வந்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எங்களை வரிசையாக நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்தி, விசிலை வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. மேல்வரிசைக் கட்டுப்பல் வந்தது. முதல் நாள் பயிற்சி முழுவதும் நாங்கள் புல்லுக்குள் பல்லுத் தேடினோம்.

“சேர், இஞ்சை கிடந்து சிரிக்குது சேர்!” என்று கத்தினான் ரமணன். எங்கள் கோல் காப்பாளன் அவன். கம்பத்துக்குக் கம்பம் அடைத்துக்கொண்டு நிற்பான் என்பதுதான் அவனுடைய ஒரே தகுதி.

மறுநாள் விசில் அவருடைய கழுத்தில் வெறும் அழகுக்குத் தொங்கியது. கையில் பித்தளைக் கைமணி.

“வீட்டுச் சாமியறையிலை இருந்தது. மனுசி பேசுறா, பேசட்டும். ஒருக்கா அடிச்சால் நில். திரும்ப அடிச்சால் ஓடு. நடுவிலை ஆரும் அசைஞ்சியளோ, தோலை உரிப்பன். விளங்குதோ?”

“ஓம் சேர்.”

விளங்கியது கொஞ்சமல்ல. சில கிழமைகளில் ஐஸ்பழக்காரர் வீதியில் மணி அடித்தால்கூட நாங்கள் சைக்கிளோடு நின்றுவிடுவோம். அவர் மறுபடி அடிக்கும்வரை மிதிப்பதில்லை. “உந்த மாஸ்டருக்குத்தான் விசரெண்டு பாத்தால், உனக்குமே?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மணி எங்களை நிற்கவும் ஓடவும் வைத்ததே தவிர, விளையாட வைக்கவில்லை. பந்தைக் கண்டால் பதினொரு பேரும் அதன்மேல் பாய்ந்தோம். ஒருவன் காலை ஒருவன் மிதித்தோம். மாஸ்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த நிலையில் எங்கள் ஊர்க் கோயில் கொடியேறியது. ஒருவரும் பயிற்சிக்குப் போகவில்லை. வெறும் மைதானத்தைப் பார்த்து வெகுண்ட மாஸ்டர், கைமணியோடு கோயிலுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்ற ஒருவர், “ஐயா, சேட்டைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை போங்கோ” என்றார். வெறும் மேலோடு, மணியும் கையுமாக வந்தவரைக் கண்டு சனம் பயபக்தியாக வழிவிட்டது. ஒரு அம்மா திருநீறு கேட்டுக் கையை நீட்டினார்.

எங்களை ஏசத்தான் வந்தவர், திறந்த வாய் மூடாமல் நின்றார். மயில் வாகனத்தில் முருகனை வைத்துக் காவிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். நெட்டைக்கு நெட்டை, கட்டைக்குக் கட்டை, ஒரே கால்வைப்பு. ஒருவனுக்குத் தோள் நோவெடுத்தால் பின்னால் வருகிறவன் முதலில் தன் தோளைக் கொடுப்பான். பாரம் அவனுக்கு மாறிய பிறகுதான் மற்றவன் விலகுவான். ஒருவரும் வாய் திறப்பதில்லை. சாமி ஆடுவதுமில்லை, சரிவதுமில்லை.

“எடேய், உவங்களோ ஒன்பது கோல் வாங்கினவங்கள்?” என்று மாஸ்டர் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாராம்.

திருவிழா முடிந்ததும் அணி தலைகீழானது. “இனிச் சாமி காவுற ஒழுங்குதான் ஆட்டம்” என்றார். வாகனத்துக்கு முன்பக்கம் தோள் கொடுக்கும் ரமணன் முன்கள வீரன் ஆனான். கோல் அடித்துப் பெயர் எடுத்திருந்த என்னைப் பார்த்தார்.

“நீ சாமிக்குக் குடை பிடிக்கிறவன். பின்னாலை நிண்டு எல்லாத்தையும் பாக்கிறாய். நீதான் கோலி.”

“சேர், ஐயர் குடையைத் தந்தார், பிடிச்சன். அதுக்கு இவ்வளவு தண்டனையோ?”

“கதையாமல் போய் நில்.”

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். அழுது என்ன பயன்? விடிந்தால் பிள்ளைகள் இருக்கும் வகுப்பு வாங்கைத் தோளில் ஏற்றி, மேலே தண்ணீர் வாளியை வைத்து, மைதானத்தைச் சுற்ற வேண்டும். ஓடிக்கொண்டே தோள் மாற்ற வேண்டும். மாஸ்டர் முன்னால் மணியடித்துக்கொண்டு போவார். மானிப்பாய் பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். “ஆர் தம்பியவை மோசம் போனது?” என்று ஒருவர் செத்தவீட்டுத் துக்கத்தோடு விசாரித்தார்.

“மற்றவன் தோள் குடுக்காமல் ஒருத்தனும் இடத்தை விட்டிட்டு ஓடப்படாது!” இதுதான் அவருடைய முழு உதைபந்தாட்ட அறிவும். மிச்சம் எல்லாம் மணிச் சத்தம்.

போட்டி பக்கத்து ஊர் மைதானத்தில், பின்னேரம். நடுவர் முதல் வேலையாகக் கைமணியைப் பறித்தார். “மட்ச் முடியிறவரைக்கும் இது என்னட்டை இருக்கட்டும், ஐயா.”

மணி இல்லாமலே ஆடினோம். ஒருவன் முன்னால் போனால் அவன் இடத்தில் இன்னொருவன் வந்து நின்றான். ரமணன் பந்தோடு வர, தேருக்கு விலகுவதுபோல எதிரணி விலகியது. அவன் பந்தை ஒருமுறையும் கோலுக்குள் அடிக்கவில்லை என்பது வேறு கதை. எங்களுக்கும் ஒன்றும் விழவில்லை. மாஸ்டர் கோட்டோரம் நின்று வானத்தைக் கும்பிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

அப்போதுதான் மைதானத்தை அடுத்திருந்த கோயிலில் மாலைப் பூசை தொடங்கியது.

டாண். நாங்கள் பதினொரு பேரும் நின்றோம். டாண். ஓடினோம். டாண். நின்றோம். அந்த ஊர்ப் பொடியளுக்கு அது தினமும் கேட்கிற மணி. அவர்களில் ஒருவன் பந்தோடு எங்கள் எல்லோரையும் மரங்களைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு வந்தான். நானோ கோல் வாசலில் ஒற்றைக் காலில் நிற்கிறேன். மற்றக் காலை ஊன்ற அடுத்த மணி அடிக்கவேண்டும்!

“அது கோயில் மணியடா! என்ரை இல்லையடா! ஓடுங்கோடா!” என்று மாஸ்டர் கோட்டோரமாக ஓடிவந்தார். வாயால் சொன்னால் கேட்கிற மாதிரியா எங்களைப் பழக்கியிருந்தார்? கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து, கழுத்து விசிலை எடுத்து, உயிரைக் கொடுத்து ஊதினார்.

பல்லு பறந்தது. அடிக்கக் காலை ஓங்கியவனுக்கு முன்னால் போய் விழுந்து சிரித்தது. “ஐயோ அம்மா!” என்று அவன் துள்ளிய துள்ளலில் பந்து வெளியே உருண்டது. நடுவர் ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

“இது ஆற்றை பல்லு?”

மாஸ்டர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார். மைதானத்துக்குள் நாய் வந்தால் என்ன செய்வதென்று நடுவருக்குத் தெரியும். பல்லு வந்தால் தெரியாது. நெடுநேரம் யோசித்தவர், ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கி வைத்தார். அதற்குள் பூசையும் முடிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. ஒருவருக்கும் கோல் இல்லை.

“தோத்தால் எண்டுதானே சொன்னனான்” என்றார் அதிபர், நீண்ட முகத்தோடு. பிட்ச் வரவில்லை. இன்றைக்கும் அங்கே உதைபந்துதான்.

திரும்பும்போது வான் வண்டியில் மாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தேன். பல்லைக் கைலேஞ்சியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

“சேர், அது தானா விழுந்ததோ, எறிஞ்சனீங்களோ?”

பொக்கை வாயால் சொன்னார். “பதினொரு பேரும் பாரத்தை விட்டிட்டு நிக்கிறியள். நான் தோள் குடுக்காமல் வேறை ஆரடா குடுக்கிறது?”

இப்போதும் கொழும்புத்துறைப் பக்கம் போனால் அவரைப் பார்க்காமல் வருவதில்லை. என் தலையைக் கண்டதும் உள்ளே இருந்து கைமணியை ஒருக்கா அடிப்பார். நான் வாசல் படலையிலேயே நின்றுவிடுவேன். அவர் சிரித்து முடித்துத் திரும்ப அடிக்கும்வரை நான் அசைவதில்லை.