பால்காரர் அணியின் மீன்தலை

அன்பும் மரியாதையும் நிறைந்த விர்வே அத்தைக்கு லீலோ எழுதிக்கொள்வது. இதைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். மாமாவுக்கும் கூடாது, அவர் சிரிப்பார், பிறகு அப்பாவுக்குப் போன் போட்டுச் சிரிப்பார். இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் நாளை மாலை ஆட்டம் தொடங்கும் வரைதான் நலம்.

பொட்டலத்தில் இருப்பது நாய் இல்லை அத்தை, மீன். நம் கூடைப்பந்து சங்கத்தின் மீன்தலை வேஷம். அதை மாட்டிக்கொண்டு இடைவேளையில் குதிக்கிறவள் நான்தானே. பணம் போடுகிறவர் மாறும்போதெல்லாம் நம் சங்கம் பெயரை மாற்றும், தலையையும் மாற்றும். பால்பண்ணை பணம் போட ஆரம்பித்தபோது நீங்கள் தைத்த பசு. பண்ணை மூடியதும் மரக்கம்பெனி வந்தது, மரங்கொத்தி ஆனோம். பிறகு வங்கி, அணில். வங்கி ஓடிப்போனபோது அணிலையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது தோய்வோ ஐயாவின், மீனைப் புகையில் வாட்டும் ஆலை. ஆனால் நம் ஊர்க்காரர்கள் இன்றுவரை "பால்! பால்!" என்றுதான் கத்துகிறார்கள். அது தோய்வோ காதில் விழாமலிருக்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பலமாக இருமுவார்.

போன ஆட்டத்தில் யாரோ மீன்மேல் பெர்ரிச் சாற்றைக் கொட்டிவிட்டார்கள். அதைக் கழுவி, நீராவியில் வியர்த்துக் குளிக்கும் நம் சவுனா அறையின் மேல்பலகையில் காயப்போட்டேன். நம் வீட்டில் ஈரமானது எல்லாமே அங்கேதானே காயும்? இன்று அப்பா தோய்வோவை சவுனாவுக்கு அழைத்திருக்கிறார். அடுத்த வருட ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் சங்கமும் இல்லை, அப்பாவுக்கு மேலாளர் வேலையும் இல்லை. நன்றாக வியர்த்து, சவுனா வழக்கப்படி முதுகில் பிர்ச் மரத் தழையால் அடியும் வாங்கிய மனிதர் மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்பது அப்பாவின் கணக்கு. அதனால் மேலே பார்க்காமல் அடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு ஏற்றிவிட்டார்.

"லீலோ! என்னடி தீயுற நாத்தம்?"

"பழைய சாக்ஸ்ப்பா!"

"எடுத்துத் தொலை, ஆள் வந்துட்டாரு!"

நான் மீனைச் சட்டைக்குள் திணித்து ஓடும்போது தோய்வோ மூக்கை உறிஞ்சி, "அடடா, நம்ம ஆலை வாசனை மாதிரியே இருக்கே!" என்றார்.

மீன்தலை பூனைத்தலை அளவுக்குச் சுருங்கி, பல்லெல்லாம் தொங்கிப்போய் அழுகிற மாதிரி இருக்கிறது. கிடங்கிலிருந்த பசுவை இனி யார் தேடப்போகிறார்கள் என்று அதன் காது இரண்டையும் வெட்டிச் செதில் வைத்தேன், ஒரு கண்ணையும் பிடுங்கி ஒட்டினேன். மன்னித்துவிடுங்கள். விடிகாலை பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் நாடகக் கொட்டகைத் தையலறையில் எப்படியாவது இழுத்துப் பெரிதாக்கி மதிய பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள்.

மாமாவின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். பூனைக்கு என் முத்தம்.

உங்கள் லீலோ.

பி.கு. மீனைத் தொடவே தொடாதீர்கள்! சுவர் வழியாக இப்போதுதான் கேட்டது. தோய்வோ சொல்கிறார்: "ரெண்டு வருஷமா மீனுக்குக் காசு போடுறேன், உங்க ஊரு பால் பால்னு கத்துது. தோத்துட்டேன்யா. மூடிக்கிடந்த பால்பண்ணைய நானே வாங்கிட்டேன். நாளைக்கு இடைவேளையில பழைய பசு வந்து குதிக்கட்டும், அங்கேயே கையெழுத்துப் போடுறேன்." அப்பா சிரிக்கிறார்: "பசுவா? பத்திரமா இருக்கு! எம்பொண்ணுதான் பாத்துக்கறா!"

அத்தை, பசுவின் காது எவ்வளவு நீளம்? எந்தத் துணி? அப்பா கதவைத் தட்டுகிறார். "லீலோ, தூங்கிட்டியா? ஐயா பசுவ ஒருதரம் தலையில மாட்டிப் பாக்கணுங்கறாரு. எங்கே வெச்சிருக்கேம்மா?"