பாண் வண்டியில் வந்த வீடு

பண்டாரவளையில் ஒரு வீடு விலைக்கு வரப்போகிற செய்தி முதலில் எங்கள் பாண்காரருக்குத்தான் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரிய இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள், நாங்கள் ஒரு வீட்டின் அனெக்ஸில் வாடகைக்கு இருந்த அந்தக் குறுகிய ஒழுங்கைத் தெருவில் ஒரு மாதம் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும்.

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்யும். ஊருக்கு அவர் பாண்காரர். கண்ணாடிப் பெட்டி பொருத்திய ஆட்டோவில் பேக்கரிப் பாணையும் பனிஸையும் அடுக்கி, பாட்டைப் போட்டுக்கொண்டு, காலையிலும் மாலையிலும் எல்லா ஏற்றத்திலும் ஏறி இறங்குவார். படுக்கை பேக்கரி மாடியில், மாவு மூட்டைகளுக்கு நடுவே. மனைவியும் இரண்டு மகள்களும் பூனாகலைத் தோட்டத்தில் மாமனாரின் லயத்து வரிசை வீட்டில் இருந்தார்கள். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அவருடைய சாஸ்திரம் முழுவதும் பாணில் இருந்தது. நாளுக்கு இரண்டு றாத்தல் பாண் வாங்கிய வீடு ஒரு றாத்தலுக்கு இறங்கினால் ஒரு பிள்ளை வெளிநாடு போய்விட்டது. அரை றாத்தலுக்கு இறங்கினால் அடுத்ததும் போய்விட்டது. அதே வீட்டில் திடீரென்று பதினைந்து மீன் பனிஸ் வாங்கினால், அண்ணன் தம்பிகள் கூடி வீட்டை என்ன செய்வது என்று பேசுகிறார்கள். மறுநாள் அந்த வீட்டுக் காகங்கள் பனிஸ் தின்றுகொண்டிருந்தால் பேச்சு சண்டையில் முடிந்திருக்கிறது, இப்போதைக்கு விற்க மாட்டார்கள். காகங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நாம் பணத்தோடு தயாராகலாம். இப்படியே அவர் பலருக்கு வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் புரோக்கர் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

“நான் பாண் விக்கிறேன் சேர். வீடு தானா தெரியுது” என்பார்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணக்கு ஆசிரியன். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் ஆயுள் முழுக்க வேலை செய்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்போதுதான் ஓய்வுக்காலச் சேமலாப நிதி கைக்கு வந்திருந்தது. அதை அப்படியே என்னிடம் கொடுத்து, காசாக வைத்திருந்தால் கரைந்துவிடும், வீடாக மாற்றிவிடு என்றார் அப்பா. நானும் என் மனைவியும் ஒரு திட்டம் போட்டோம். இரண்டாகப் பிரிக்கக்கூடிய வீடாக வாங்குவது, பின்பக்கம் நாங்கள் இருப்பது, முன்பக்கத்தை வாடகைக்கு விட்டு அந்த வாடகையில் வங்கிக் கடனைக் கட்டுவது. தாளில் திட்டம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் வீடு தப்பாக அமைந்துவிட்டால் இரண்டு பேருடைய ஆயுள் உழைப்பும் போய்விடும். இன்னொரு தடவை உழைக்க அவர்களிடம் ஆயுள் இல்லை.

இவரை நம்பலாமா என்று ஒருநாள் சுற்றி வளைத்துக் கேட்டேன். உங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறதா என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார்.

கொழும்பில் கடையில் நின்று சம்பாதித்த பணத்தை எல்லாம் போட்டு அவர் முதன்முதலில் வாங்கியது ஒரு லயத்து வீடு. அங்கிருந்த குடும்பம் கொழும்புக்குக் குடிபோனது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். இவர் தேங்காய் உடைத்து, சுண்ணாம்பு அடித்து, அடுப்பும் பற்றவைத்தார். ஒரு வாரத்தில் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்து, வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

“ஏமாத்தலைங்க சேர். மூணு தலைமுறையா இருந்த வீடு, அவங்களோடதுதான்னு அவங்களும் நெனச்சாங்க, நானும் நெனச்சேன். ஒறுதிப் பத்திரம் கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. நம்மள்ல யாரு ஒறுதியப் பாத்துருக்கோம்?” என்றவர் சாவியைத் துடைத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டார். “நல்ல சாவி. இன்னும் துருப்பிடிக்கல.”

அதைக் கேட்ட பிறகு அவரை முழுக்க நம்பினேன். ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர் என்பதைவிடப் பெரிய தகுதி இந்தத் தொழிலில் கிடையாது.

ஆனால் முதல் வீட்டை அவர் காட்டவில்லை, நானே கண்டுபிடித்தேன். சரிவில் நின்ற வீடு. ஜன்னலைத் திறந்தால் மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. விலையும் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. அட்வான்ஸ் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தேன். பாண்காரர் ஒரே பேச்சாக, மழை வரட்டும் என்றார். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான் என்பது அவர் கொள்கை. பெண் பார்க்க நல்ல நாள் பார்ப்பதுபோல் அவர் வீடு பார்க்கக் கெட்ட நாள் பார்ப்பார்.

பண்டாரவளையில் என்றுமில்லாத அதிசயமாக மூன்று வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. வீட்டுக்காரர் வேறு ஆள் வருகிறார் என்று தினமும் போன் செய்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பாண் விற்கிறவர் பாணைப் பார்த்தால் போதும் என்று வாசல் கேட்டருகில் நின்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அவர் கோபப்படாமல் பாணைத் தாளில் சுற்றி நீட்டினார்.

“ஒங்க அப்பா அம்மா காசு சேர். ஒரு மழைக்குத் தாங்குதான்னு மட்டும் பாத்துருவோம்.”

நாலாம் நாள் மத்தியானம் வானம் கொட்டியது. அவர் ஆட்டோவில் எங்கள் இருவரையும் பாண் பெட்டியோடு நெருக்கி உட்காரவைத்து அந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். வீட்டுக்காரருக்கு எங்களைப் பார்த்ததில் சந்தோஷம் இல்லை. பாண்காரர் அறை அறையாகப் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். என் மனைவி, இவர் சுவரோடு ரகசியம் பேசுகிறாரா என்று என் காதில் கேட்டாள். சுவர் காய்ந்துதான் இருந்தது. எல்லாக் கதவையும் மூடித் திறந்தார். அடுப்பிருந்த குசினியின் கதவு மட்டும் மூடவில்லை. மழைக்கு மரம் ஊதிவிட்டது என்றார் வீட்டுக்காரர். நான் நம்பினேன், ஏனென்றால் நம்ப விரும்பினேன்.

அப்போதுதான் வெளியே பாட்டு கேட்டது. மழைத் தண்ணீர் போய் ஆட்டோவின் சுவிட்ச் தானாக வேலை செய்துவிட்டது. எவ்வளவு தட்டியும் நிற்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து குடையும் கையுமாகப் பாண் வாங்க வந்துவிட்டார்கள். ரகசியமாக வீடு பார்க்கப் போன நாங்கள் ஒரு சிறு சந்தையை நடத்திக்கொண்டிருந்தோம். பாண்காரரும் வேறு வழியில்லாமல் விற்கத் தொடங்கினார். எங்களைப் பார்த்த ஒரு அம்மா, வீடு வாங்கவா வந்திருக்கிறீர்கள் என்று சாதாரணமாக விசாரித்தார். ஆமாம் என்றாள் என் மனைவி.

“அப்ப மழ காலத்துல கோயில் மண்டபத்துக்கு எங்களோட வாங்க. போன மழையிலயும் இவங்க அங்கதான் படுத்திருந்தாங்க. பின்னால மண்ணு எறங்குதுல்ல” என்றார் அந்த அம்மா, முதலை வடிவக் கிம்புலா பனிஸைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே.

குசினிக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். விரல் நுழையும் அளவுக்குத் தரையில் வெடிப்பு, அதற்குள் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பும் வழியெல்லாம் பாட்டு மட்டும் பாடிக்கொண்டே வந்தது. வீட்டில் இறங்கியதும் மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கு எத்தனை றாத்தல் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது வீடு அவர் காட்டியது. ஒரு ஹாஜியாருடைய வீடு, பத்துப் பேர்ச்சஸ் காணியோடு. முழங்கால் வலியால் ஏற்றம் ஏற முடியாமல் ஹாஜியார் பதுளையில் மகள் வீட்டுக்குப் போக நினைத்திருந்தார். பாண் வாங்க மேல் கேட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், பாண்காரரைக் கீழ் ரோட்டிலேயே நிற்கச் சொன்ன அன்று இவருக்கு விஷயம் விளங்கிவிட்டதாம். மழையில் பார்த்தோம், வெடிப்பில்லை, கதவெல்லாம் மூடியது. பிறகு பாண்காரர் உறுதியின் பிரதியைப் பாண் பையில் போட்டுக்கொண்டு எல்லை நடக்கக் கிளம்பினார். கிழக்கு எல்லை பலா மரம் என்று உறுதி சொன்னது. பலா மரமே இல்லை. அரை மணி நேரம் தேடி, பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்கு அடியில் அதன் அடிக்கட்டையைக் கண்டுபிடித்தார்.

“இருவது வருஷமா இந்தக் கோழிகளோட சண்ட புடிக்கிறேன். அதுகள் என்ட காணியில ஈக்கிதுன்னு இண்டைக்குத்தான் தெரியும்” என்றார் ஹாஜியார்.

கோழிக்கூடு நகர்ந்த பிறகுதான் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனோம். உறுதியில் என் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டியதும் அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்கு அந்தச் சிங்கள எழுத்து வாசிக்கத் தெரியாது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் சுவர் எழுப்பி முடித்த அன்று பாண்காரர் வந்தார். முன்பக்கத்துக்கு நல்ல குடும்பம் பார்த்துவிட்டேன், அப்பா அம்மா, படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள் என்றார். யார் என்று கேட்டேன்.

“நான்தான் சேர்.”

அடுத்த ஒரு மணி நேரத்தை மறக்க முடியாது. நாங்கள் வாங்கும்போது குறையே இல்லாத வீடு என்று சத்தியம் செய்த மனிதர், வாடகை பேச உட்கார்ந்ததும் குறைகளை அடுக்கினார். வெயில் தாமதமாக விழுகிறது, குழாயில் வேகம் இல்லை, ஏற்றம் அதிகம், கோழி கூவுகிறது. சுவரில் ஓரிடத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை வேறு அசைத்தார். நாங்கள் நினைத்திருந்ததைவிடக் குறைத்துத்தான் விட்டார். ஆனாலும் கடன் தவணைக்குப் போதுமான இடத்தில் சரியாக நிறுத்தினார். அந்தக் கணக்கை அவர் எங்களுக்கு முன்பே போட்டிருக்கிறார்.

குடிவந்த மறுநாள் ஒரு கடிதம் கொடுத்தார். சுவரில் சாமி படத்துக்கு ஆணி அடிக்க அனுமதி வேண்டும் என்று, தோட்டத்தில் துரைக்கு எழுதுகிற அதே பணிவோடு எழுதியிருந்தார். எங்கள் பரம்பரையில் அனுமதி கேட்டுத்தான் பழக்கம், கொடுத்துப் பழக்கமில்லை. என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் சுத்தியலை எடுத்துப்போய் நானே அடித்துக் கொடுத்தேன். ஆணி கோணலாகப் போனது.

இப்போது இரண்டு வருடமாகிறது. அவருடைய சின்ன மகள் சாயந்திரமானால் எங்கள் பக்கத்தில்தான் கணக்குப் போடுகிறாள். என் அப்பா வரும்போதெல்லாம் முன்பக்கத்தில்தான் அதிக நேரம் இருக்கிறார். அவர்களுக்கும் ஒரு வீடு அமைய வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன். எங்கள் ஒழுங்கை முனையில் நல்ல உறுதியோடு ஒரு சின்ன வீடு விலைக்கு வரப்போகிறது. அவர்களுக்கு அளவான வீடு, அவர் கைக்கு எட்டுகிற விலை. எனக்கே ஒரு மாதமாகத் தெரியும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன்.

எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவரும் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.