கடலில் மிதந்த பிரியாணி அண்டா

ஒரு ஐஸ் கம்பெனி, ஒரு கல்யாண மண்டபம், நான்கு வள்ளங்கள், மாடி வைத்த வீடு, பள்ளிவாசல் தெருமுனையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இவ்வளவையும் கட்டியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு (அதிலும் பாதி வருடம் வாப்பாவோடு கடலுக்குப் போய்விட்டேன்). உப்புத் தண்ணீர் ஊரில் ஐஸ் கம்பெனியா, உருப்படாது என்றார்கள். இன்று பெரியபட்டினத்து மீன் என் ஐஸில் படுத்துக்கொண்டுதான் வெளியூர் போகிறது. மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது மணல் சரிந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார். நான் குழிக்குள் இறங்கி நின்று, சரிகிற மணலோடு மல்லுக்கட்டி, சுவரை எழுப்பினேன்.

இப்படிப்பட்ட ஒரு ஆள், பட்டப்பகலில், வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், வள்ளத்தைக் கொண்டுபோய்த் தரைதட்ட வைத்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? ஊர் உடனே நம்பியது. இன்றுவரை எனக்கு அதுதான் வருத்தம்.

எங்கள் கடைக்குட்டி ஹாஜரா, எனக்கு முடி நரைத்த பிறகு பிறந்தவள். அவளுக்கு ஆட்டிசம். பேச்சு ரொம்பக் குறைவு. பாத்திரம் எது கிடைத்தாலும் நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்பாள். அப்புறம் தலையை உள்ளே விட்டு 'ம்ம்ம்' என்று ஒரு ராகம் இழுப்பாள். அந்தச் சத்தம் பாத்திரத்துக்குள் சுற்றிச் சுற்றி வெளியே வரும். கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கே கண் சொக்கும். எல்லாம் நல்லதுதான். ஆனால் மணலில் மட்டும் அவள் கால் வைக்கமாட்டாள். தெருவெல்லாம் மணல், முற்றமெல்லாம் மணல், கட்டிலில் படுத்தால் தலையணையிலும் மணல் என்று கிடக்கிற ஊரில் பிறந்தவளுக்கு மணல் பட்டால் நெருப்புப் பட்ட மாதிரி. ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், "பழகுனா சரியாப் போயிரும்" என்று அவளைத் தூக்கி மணலில் நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் பல மாதம் பிள்ளை வாசலைத் தாண்டவில்லை. யார் தூக்க வந்தாலும் கடித்துவிடுவாள், நான் உட்பட. ராமநாதபுரத்தில் அவள் போகிற சிறப்புப் பள்ளியின் செல்வி டீச்சர்தான் பொறுமையாகப் பேசிப் பேசி மறுபடி வெளியே கொண்டுவந்தார்.

அந்தப் பள்ளியில் மாதம் ஒருமுறை பெற்றோர்களெல்லாம் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். என் மனைவி மரியத்துக்கு அது உயிர். அங்கே போய்விட்டு வருகிற நாளில் முகம் வேறு மாதிரி இருக்கும். என்னையும் கூட்டிப் போனாள். நான் ஐஸ் கம்பெனி ஆரம்பித்த கதையைச் சொன்னேன். அடுத்த மாதம், போன தடவை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மூன்றாவது மாதம் மரியம் வண்டியிலேயே என்னை நிறுத்திவிட்டாள்.

"இந்தாங்க, அங்கன வாரவுக புள்ளையப் பத்திப் பேச வாராக. நீங்க ஐஸ் கட்டியப் பத்திப் பேசுறீக. இனி வாயத் தொறந்தா நான் வரமாட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாயைத் திறக்கத்தானே கூடாது? செய்து காட்டுகிறேன் என்று அந்தக் கூட்டத்திலேயே எழுந்து, எல்லாக் குடும்பத்தையும் என் வள்ளத்தில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டுகிறேன், சாப்பாடும் நம்ம பொறுப்பு என்று அறிவித்துவிட்டேன். செல்வி டீச்சர் யோசித்து, "சரிங்க பாய். ஆனா ஹாஜராவை யாரும் மணல்ல இறக்கக் கூடாது. கட்டாயப்படுத்தினா இவ்வளவு நாள் பட்ட பாடும் போயிரும்" என்றார். மரியம் என்னைப் பார்த்த பார்வையில் அதே வாக்கியம் இன்னும் நீளமாக எழுதியிருந்தது.

மணலில் கால் படாமல் பிள்ளையை வள்ளம்வரை கொண்டுபோவது எப்படி? அதற்குத்தான் மூளை வேண்டும் என்பது. மண்டபத்துப் பெஞ்சுகளையெல்லாம் தார்ரோட்டிலிருந்து தண்ணீர் ஓரம்வரை வரிசையாகப் போட்டேன். ஹாஜரா அதன்மேல் ராணி மாதிரி நடந்து வந்து வள்ளத்தில் ஏறினாள். கூட வந்தவர்கள் இரண்டு குடும்பம்தான் (மற்றவர்களுக்குக் கடல் பயமாம்). உச்சிப்புளிப் பக்கத்து விவசாயி கருப்பையா, அவர் மனைவி பாண்டியம்மாள், நடக்கமுடியாத அவர்கள் மகன் சரவணன். வாலிநோக்கத்தில் உப்பளத்து வேலை செய்கிற லதா, கையை விட்டால் ஓடிவிடுகிற அவள் மகன் கதிர். அப்புறம் நாங்கள், டீச்சர். இத்தனை பேருக்கும் பிரியாணி ஆக்கியது கல்யாண அண்டாவில். வீட்டுச் சட்டியில் ஆக்கிக்கொண்டு போனால் என் மரியாதை என்ன ஆவது?

அங்கேதான் நேரம் போனது. வள்ளம் போக நல்ல தண்ணீர் காலையில்தான். எனக்கா தெரியாது? ஆனால் பண்டாரி (எங்கள் ஊரில் பிரியாணி ஆக்குகிறவர்) அண்டாவை விடமாட்டேன் என்றுவிட்டார்.

"தம் உடைக்காம அசைக்கக் கூடாது முதலாளி. சோறு ஒடைஞ்சு போகும்."

நான் தம்முக்குக் கட்டுப்பட்டேன். கடல் எங்கேயும் ஓடிப்போகாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஓடித்தான் போனது.

நாங்கள் புறப்பட்டபோது காற்று துளிகூட இல்லை. கடல், ஆறவைத்த பாலில் ஆடை கட்டின மாதிரி அசையாமல் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடே தெரியவில்லை. தூரத்துத் தீவின் மரங்கள் அந்தரத்தில் தொங்கின. இஞ்சின் சத்தத்துக்குக் கதிர்கூட ஓடாமல் உட்கார்ந்திருந்தான்.

"இந்தாங்க, அடியில மணல் தெரியுதே" என்றாள் மரியம்.

"தெரியத்தான் செய்யும். நம்ம கடல் அம்புட்டுச் சுத்தம்."

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, வள்ளத்தின் அடி 'சர்ர்ர்' என்று தேய்ந்து நின்றுவிட்டது. மணல்திட்டு. வற்றம், அதாவது கடல் உள்வாங்குவது, ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான் இறங்கித் தள்ளினேன். கருப்பையாவும் இறங்கித் தள்ளினார். வள்ளம் அசையவில்லை, என் கால்தான் வழுக்கிக் குப்புற விழுந்தேன். சட்டைப்பையிலிருந்த போன் கடலுக்குப் போனது. கைலி எங்கே போகப் பார்த்தது என்று சொல்லமாட்டேன்.

"பாய், நாங்க மாட்ட ஓட்டிச் சேத்துல விட்டா இப்பிடித்தான் நிக்கும்" என்றார் கருப்பையா, ஆறுதலாக.

கரைக்கும் எங்களுக்கும் நடுவே முழங்கால் அளவுத் தண்ணீர்தான். யாராக இருந்தாலும் நடந்துபோய்விடலாம், ஹாஜராவைத் தவிர. தண்ணீருக்கு அடியில் மணல் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தூக்கலாம் என்று நான் கை நீட்டியதும் மரியம் குறுக்கே வந்துவிட்டாள்.

"தொட்டீக, நடக்கிறது வேற. தண்ணி ஏற்றம் வாரவரைக்கும் நானும் எம்புள்ளையும் இங்கனயே இருக்கோம். நீங்க போங்க. கரையேறுனதும் பேசிக்கிறேன்."

"நாங்க மட்டும் எங்க போக?" என்றாள் பாண்டியம்மாள். யாரும் போகவில்லை. ஏற்றம் வர அந்தி ஆகும். வெயிலோ உச்சியில். பிள்ளை அதுவரை தாங்குவாளா?

அதற்குள் திட்டு முழுக்க வெளியே வந்துவிட்டது. கடல் நடுவே வெள்ளையாக ஒரு பாய் விரித்த மாதிரி. வள்ளத்தின் கரைப்பக்கம் மட்டும் அதே முழங்கால் தண்ணீர். அண்டாவை இறக்கி, சஹனில் சோற்றைக் கொட்டினேன். சஹன் என்றால் பெரிய தாம்பாளம். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். மரியத்துக்கும் ஹாஜராவுக்கும் வள்ளத்திலேயே ஒரு தட்டு. மற்றவர்கள் ஈர மணலில் வட்டமாக உட்கார்ந்தோம். பாண்டியம்மாள் மடியில் சரவணன்.

லதா ஒரு வாய் எடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, காரமா?" என்றேன்.

"இல்ல பாய். எங் கையப் பாத்தேன். ரெண்டு கையும் சும்மா இருக்கு."

கதிர் திட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ரோடு இல்லை, லாரி இல்லை, கிணறு இல்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் கண்ணுக்குள்ளேயே இருந்தான். அவனைப் பிடித்துக்கொள்ளாமல் அவள் சாப்பிட உட்கார்ந்து எத்தனையோ வருடமாம். பாண்டியம்மாள் சொன்னாள், சரவணன் தூங்கினால்தான் தலை சீவுவாளாம். கருப்பையா சொன்னார், குக்கர் விசில் கேட்டால் அவன் விழுந்து விழுந்து சிரிப்பானாம். அதற்காகவே சில நாள் வெறும் தண்ணீரை வைத்து விசில் விடுவார்களாம். மரியம் வள்ளத்திலிருந்தே, "எங்க வீட்டுல குழம்பு கொதிக்கும்போதே இவ தலைய விட வருவா. நான் அடுப்புக்குக் காவல் இருக்கேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுச் செய்திதான். எனக்கே புதிதாக இருந்தது. ஐஸ் கம்பெனியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் நிறையப் பிரியாணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோறு தீர்ந்தது. கருப்பையா அண்டாவை வள்ளத்தோரம் இழுத்துவந்து கடல் தண்ணீரில் அலசினார். கவிழ்த்து நிமிர்த்தியதும் அது மெல்ல மிதந்து வள்ளத்தில் 'டங்' என்று முட்டியது.

ஹாஜரா எட்டிப் பார்த்தாள். நகத்தால் ஒரு தட்டு. காதைச் சாய்த்தாள். இன்னும் ஒரு தட்டு. பிறகு யாரும் எதிர்பார்க்காமல் ஒரு காலை வள்ளத்துக்கு வெளியே போட்டாள்.

"புடிங்கலே!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். மறுபடி விழுந்தேன்.

"கத்தாதீங்க பாய்" என்றார் டீச்சர் மெதுவாக. "அண்டாவ மட்டும் புடிங்க. அவளத் தொடாதீங்க."

கருப்பையா அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டார், லதா மறுகாதை. ஹாஜரா இரண்டாவது காலையும் வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அண்டாவுக்குள் உட்கார்ந்துவிட்டாள். அண்டா ஒருமுறை ஆடி, அடங்கியது. மிதந்தது! கல்யாண அண்டா என்பதால் மிதந்தது. வீட்டுச் சட்டியாக இருந்தால் மிதந்திருக்குமா?

கரையைப் பார்த்து மெல்லத் தள்ள ஆரம்பித்தோம். ஒரு பக்கம் லதா, ஒரு கையில் கதிர். ஒரு பக்கம் நான். முன்னால் சரவணனைத் தோளில் வைத்துக்கொண்டு கருப்பையா. பின்னால் மரியம், பாண்டியம்மாள், போனும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டே டீச்சர். ஹாஜரா தலையைக் குனிந்து 'ம்ம்ம்' என்று தொடங்கினாள். அந்தச் சத்தம் அண்டாவில் சுழன்று, தண்ணீரில் இறங்கி, எங்கள் முழங்காலுக்கே வந்து சேர்ந்தது. கதிர் அண்டாவின் விளிம்பில் காதை வைத்துக்கொண்டே நடந்தான். சரவணன் சிரித்துச் சிரித்து அவன் அப்பாவின் தலையை நனைத்தான். நடக்கிறோமா மிதக்கிறோமா என்று எனக்குத் தெரியவில்லை. கரை வராமலே இருந்தால்கூட நல்லது என்று தோன்றியது. பாதி வழியில் அவள் ஒரு கையை வெளியே விட்டுத் தண்ணீரைத் தொட்டாள். எடுக்கவில்லை. விரல் நுனியால் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள்.

கரை வந்ததும் கனவு கலைந்தது. நான் போட்ட பெஞ்சுகளைக் காணோம். மாலையில் மண்டபத்தில் நிக்காஹ். பெஞ்சுகளை எடுத்துப் போயிருந்தார்கள். (மண்டபம் என்னுடையது. மதியத்துக்குள் எல்லா பெஞ்சும் உள்ளே வந்துவிட வேண்டும் என்ற உத்தரவும் என்னுடையது.)

ஒரே வழிதான் இருந்தது. அண்டாவோடு தூக்கினோம். ஒரு காதில் நானும் கருப்பையாவும், மறுகாதில் லதாவும் டீச்சரும். சரவணன் இப்போது அவன் அம்மா இடுப்பில், கதிர் மரியத்தின் கைப்பிடியில். என் வீட்டுக்கு மண்டபத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். வாசலில் சாமியானா, மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம். நானோ சொட்டச் சொட்ட நனைந்து, மணலும் நெய்யுமாக வருகிறேன். தூரத்திலேயே பார்த்துவிட்டார்கள்.

"ஏலே, பிரியாணி வந்துருச்சு! பந்திக்கு எந்திரிங்க!"

ஓடிவந்தார்கள். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"என்ன முதலாளி, புள்ளைய ஆக்கிக் கொண்டாரீக?"

அத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் ஹாஜரா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே சுருண்டாள். இப்போது பயந்து வெளியே குதித்தாளென்றால் காலடியில் அவ்வளவும் மணல். என் அண்டாவை, என் மண்டபத்து வாசலில், இறக்கவும் முடியாமல் நிற்கிறேன். அப்போது அண்டாவுக்குள்ளிருந்து மெதுவாக 'ம்ம்ம்' வந்தது. கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் வாப்பா கையால் சைகை காட்ட, இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். அந்த ராகத்துக்கு நடுவே நாங்கள் நடந்து போனோம், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி.

வீட்டுச் சிமெண்டுத் தரையில் அண்டாவை வைத்ததும் ஹாஜரா தானாக எழுந்து இறங்கினாள். உடம்பெல்லாம் ஏலக்காய் வாசம். கரையேறியதும் பேசிக்கொள்கிறேன் என்ற மரியம் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்புதான். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வர, உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம்.

இப்போது எங்கள் மண்டபத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், மூடியைத் திறக்கும் முன் யாராவது ஒருவர் அண்டாவைத் தட்டி, "உள்ள ஆளிருக்கா?" என்று கேட்காமல் பந்தி தொடங்குவதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை பெற்றோர்கள் எல்லோரும் எங்கள் கடற்கரைக்கு வருகிறார்கள், அன்று கடலுக்குப் பயந்தவர்கள் உட்பட. வற்றம் பார்த்துத்தான் வருகிறார்கள். மூன்று அண்டா மிதக்கிறது. ஹாஜரா இன்னும் மணலில் கால் வைக்கவில்லை. வைக்காவிட்டால் என்ன?

டீச்சர் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். கீழே 'ஹாஜராவும் அவள் கண்டுபிடித்த கப்பலும்' என்று எழுதியிருக்கிறது. கருப்பையா, லதா பெயரெல்லாம் இருக்கிறது. படத்தில் என் முதுகு மட்டும் பாதி தெரிகிறது. பெயர் இல்லை. கேட்டால் மரியம், "வள்ளத்தத் தட்ட வச்சதுக்கெல்லாம் பேரு போடுவாகளாக்கும்" என்கிறாள். ஏன் போடக் கூடாது? நான் காலையிலேயே கிளம்பியிருந்தால், திட்டைப் பார்த்து ஒதுக்கி ஓட்டியிருந்தால், எல்லோரும் கடலைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த இடத்தில், அந்த நேரத்தில், அவ்வளவு சரியாக வள்ளத்தைத் தரைதட்ட வைக்க இந்தக் கரையில் வேறு யாரால் முடியும்? ஆகவே டீச்சர் அவர்களே, இதைப் படித்தால், அந்தப் படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 'வள்ளம்: பெரியபட்டினம் இபுராம்சா.' எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.