கோல்கீப்பருக்குப் பெண் குழந்தை

“வலி வந்தது உன் பொண்டாட்டிக்குத்தானே லான்செல்? உனக்கு அங்க என்ன வேலை?”

ஒத்லின் போனில் போட்ட கூச்சல் மைதானத்தின் மறுகோடிவரை கேட்டது.

“கையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறா அக்கா. விட்டதும் ஓடி வந்துடறேன்.”

“எந்தக் கையை?”

“ரெண்டையும்.”

கோல்கீப்பருக்கு இரண்டு கையும் இல்லையென்றால் என்ன மிச்சம்? ஒத்லின் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் பெலிகன் கிளப்பின் மேனேஜர். அங்கியுலா தீவின் முதல் பிரிவு கால்பந்து லீக்கில் பெலிகன் இதுவரை கோப்பையைத் தொட்டதே கிடையாது. இன்று கடைசி ஆட்டம். தோற்காமல் இருந்தால் போதும், கோப்பை வந்துவிடும். தோற்றால் அது எதிரே ஆடும் லாப்ஸ்டர் கிளப்புக்கு. லாப்ஸ்டரின் பயிற்சியாளர் வில்மாத், அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். தோற்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அவன் எதிரே உட்காருவதைவிட அவள் பட்டினியே கிடப்பாள்.

மாற்று கோல்கீப்பர் வேலை தேடி லண்டன் போய்விட்டான். முன்பு ஒருமுறை ஃபார்வர்ட் ஆட்டக்காரன் ஒருவனை கோலில் நிறுத்திப் பார்த்தாள். பந்து வரும்போதெல்லாம் அவன் மரியாதையாக விலகி வழிவிட்டான்.

மைதான வாசலில் டாக்சி ஓட்டுநர் மோசையா டோமினோ ஆடிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட நாட்களில் கோல்கீப்பராக நின்றவன்.

“எந்திரி மோசையா. இன்னிக்கு நீதான் லான்செல்.”

“அக்கா, அவன் கொடிக்கம்பம் மாதிரி இருப்பான். நான் தண்ணித் தொட்டி மாதிரி இருக்கேன்.”

“தொட்டியைத் தாண்டிப் பந்து போகாது. வா.”

தீவில் விசில் ஊதத் தெரிந்த ஒவ்வொருவரும் யாராவது ஒரு ஆட்டக்காரனுக்கு மாமனாகவோ மச்சானாகவோ இருப்பார்கள். அதனால் கோப்பை ஆட்டத்துக்கு மட்டும் வெளித்தீவிலிருந்து நடுவர் படகில் வருவார். இன்று வந்தவர் அடையாள அட்டையிலிருந்த லான்செலின் படத்தைப் பார்த்தார். ஒட்டிய கன்னம், அடர்ந்த முடி. நிமிர்ந்து மோசையாவின் மொட்டைத் தலையைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. அதைவிட அதிகமாக ஒத்லினுக்கு வழிந்தது.

“முடி எங்க?”

“வெயில் தாங்கலைன்னு எடுத்துட்டான்.”

“உடம்பு?”

“பொண்டாட்டி நல்லா சமைக்கிறா.”

“சரி சரி, போங்க,” என்று அவர் அவசரமாக அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டம் தொடங்கியது. மோசையா வந்த பந்துகளையெல்லாம் வயிற்றாலேயே தடுத்தான். ஒத்லினுக்கு மூச்சு சீராக வந்த நேரத்தில் ஒலிபெருக்கி அலறியது.

“சந்தோஷமான செய்தி! பெலிகன் கோல்கீப்பர் லான்செல் கார்ட்டிக்கு இப்பத்தான் பொண்ணு பொறந்திருக்கு!”

நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடிப்போய் மோசையாவின் கையைக் குலுக்கினார். மோசையா வெட்கத்தோடு தலையாட்டினான்.

மைதான ஓரக் கடையில் கோழி வாட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி வெல்டாவின் காதில் அறிவிப்பு சரியாக விழவில்லை. குழந்தை என்றதும், புருஷனுக்கு வாழ்த்து கிடைத்ததும் போதுமானதாக இருந்தது. இடுக்கியோடு மைதானத்துக்குள் பாய்ந்தாள்.

“எவடா அவ?”

ஒத்லின் கோட்டருகே அவளைக் கட்டிப் பிடித்தாள். “வெல்டா, அது லான்செல் குழந்தை!”

“அப்ப எதுக்கு என் புருஷனுக்குக் கை குடுக்கறாங்க?”

“இப்போதைக்கு உன் புருஷன்தாண்டி லான்செல்!”

சொன்ன பிறகுதான் பின்னால் வில்மாத் நிற்பதைக் கவனித்தாள்.

“சத்தம் போடாதே தங்கச்சி,” என்றான் அவன் இனிமையாக. “அவன் சட்டை மாட்டும்போதே பார்த்துட்டேன். நாங்க ஜெயிச்சா நான் எதையும் பார்க்கலை. ஜெயிக்கலைன்னா நேரா ரெஃப்ரிகிட்ட போயிடுவேன்.”

தோற்றாலும் கோப்பை போச்சு, தோற்காவிட்டாலும் போச்சு.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியோடு லான்செல் ஓடிவந்தான்.

“அக்கா, கையை விட்டுட்டா!”

“நீ லான்செல் இல்லை. போய் ஒளிஞ்சுக்கோ!”

“நான் லான்செல் இல்லைன்னா குழந்தைக்கு அப்பன் யாரு?”

அவனைக் கோழிக்கடைப் புகைக்குப் பின்னால் தள்ளினாள்.

கடைசி நிமிடத்தில் லாப்ஸ்டருக்குப் பெனால்டி கிடைத்தது. எல்லோர் கண்ணும் பந்தின் மேல். மோசையா மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. கோலுக்குப் பின்னால் வெல்டா இடுக்கியோடு நின்றாள். அவன் திரும்பி அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது பந்து அவன் முதுகில் மோதி வெளியே போனது. விசில் ஒலித்தது. இரு பக்கமும் கோல் இல்லை.

பெலிகன் ஆட்டக்காரர்கள் புல்லில் விழுந்து அழுதார்கள், சிரித்தார்கள். வில்மாத் லான்செலின் அங்கியைப் பிடித்து நடுவர் முன்னால் இழுத்து வந்தான்.

“ரெஃப்ரி! அசல் லான்செல் இவன். கோல்ல நின்னவன் டாக்சிக்காரன்!”

நடுவரின் முகம் வெளிறியது. ஒத்லின் தன் பையன்களைப் பார்த்தாள். கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்குவதைவிட இப்போதே சொல்லிவிடலாம்.

“தப்பு என்னோடது ஐயா. நானே சொல்லிடறேன். கோல்ல நின்னவன்...”

“வேண்டாம்மா!” நடுவர் கிட்டத்தட்டக் கதறினார். “யார் அசல், யார் போலின்னு இந்த மைதானத்துல யாரும் யாரையும் கேட்க வேண்டாம். கோப்பை உங்களுக்குத்தான். எடுத்துக்கிட்டுப் போங்க!”

வில்மாத் லான்செலின் அங்கியை விட்டான். இப்படியும் ஒரு பெருந்தன்மையா என்று ஒத்லினுக்குக் கண் கலங்கியது. நடுவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்போது வாசலிலிருந்து, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, படகு கேப்டன் நடுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தார்.

“டேய் கென்ரிக், ஆட்டம் முடிஞ்சுதுன்னா சட்டையைக் கழட்டுடா! அசல் ரெஃப்ரி இன்னும் வெறும் உடம்போட என் படகுல வாந்தி எடுத்துக்கிட்டு இருக்காரு, நீ அடுப்புல வச்ச மீன் சூப்பு வேற தீயுது!”