நாய் எந்தப் பக்கம் பார்க்கிறது?

படத்தைப் படமாகப் பார்க்கத் தெரியாத ஓர் இனம் இருக்கிறது. பாரிஸில் எங்கள் அச்சுக்கடைத் தெருவில் அந்த இனத்தின் தலைவர் ஃப்ளோரிமோன். செப்புத் தகட்டில் செதுக்கிய சீமாட்டி ஒருத்தியின் படம் அச்சாகி, மை காயக் கொடியில் தொங்கினால் போதும். முதலில் அவர் மூக்கு வரும், பின்னால் அவர் வருவார். முத்துமாலையா, கற்பு. மூடிய புத்தகமா, அடக்கம். பின்னால் தூண் நிற்கிறதா, மன உறுதி. திரை கொஞ்சம் விலகியிருக்கிறதா? "ம்ம்ம்" என்பார். அந்த ஒரு "ம்ம்ம்" மூன்று குடும்பங்களைப் பிரித்திருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை ப்ரெஸாக் சீமாட்டி மகன் ரெனேயோடு கடைக்கு வந்தார். ரெனே உயிரையே வைத்திருந்த கிளாரிஸின் படம் அன்றுதான் அச்சாகியிருந்தது. பெண்ணை நேரில் பார்த்தாயிற்று. நேரில் பார்த்தால் என்ன தெரியும்? ஃப்ளோரிமோன் சொன்னால்தானே தெரியும்!

"மடியில நாய் இருக்கு. நாய்னா விசுவாசம்" என்றார் அவர். ரெனேவுக்கு மூச்சு வந்தது. "ஆனா அது எங்க பாக்குதும்மா? எசமானியப் பாக்கல. வாசலப் பாக்குது."

சீமாட்டியின் விசிறி பட்டென்று மூடியது. "இந்தச் சம்பந்தம் வேணாம்."

"அம்மா! ஒரு நாய்க்காகவா?"

"வாய மூடுடா. நாய் பொய் சொல்லாது."

கடைக்காரி மார்த்தா மை அப்பிய கையோடு ஓடிவந்தாள். "ஐயய்யோ, அது கிளாரிஸ் நாயே இல்லம்மா! செம்பு விக்கிற விலைக்குப் புதுத் தகடு யாரு வாங்குவா? பழைய தகட்டுல மூஞ்சிய மட்டும் சுரண்டிட்டு வேற மூஞ்சி செதுக்குவோம். நாய், முத்து, தூணு எல்லாம் பழைய சீமாட்டியோடது."

"எவ அந்த மானங்கெட்டவ?"

"நீங்கதாம்மா. போன வருஷம் பழைய பாத்திரத்தோட நீங்களே எடைக்குப் போட்டீங்களே, உங்க கல்யாணப் படத் தகடு."

சீமாட்டி மூடிய விசிறியை ஃப்ளோரிமோன் பக்கம் நீட்டினார்.

வேறு யாராக இருந்தாலும் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஃப்ளோரிமோன் மூக்கைக் காகிதத்தில் வைத்தார். "அடடா, வெளிச்சம் பத்தல! வாசலப் பாக்குற நாய்னா என்ன? வீட்டுக்காரர் எப்ப வருவாரோன்னு ஏங்குது! விசுவாசத்துலயே இதுதாம்மா உச்சம்!"

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் சீமாட்டி. விசிறி விரிந்தது. அங்கேயே கல்யாணத் தேதியும் குறித்தாயிற்று. ரெனே அந்த நாய்க்கு ஈர மையிலேயே ஒரு முத்தம் கொடுத்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நாய் வாசலைப் பார்க்கிறது என்றதும், முகம்கூடத் தெரியாத கிளாரிஸ் மேல் உங்களுக்கும் ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப் பார்த்ததா, இல்லையா? வந்ததென்றால் வெட்கப்படாதீர்கள். ஃப்ளோரிமோன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் போட்டு வைத்திருக்கிறார்.